‘ஏ’ கிரேடு வாங்கிய பையன் 41 வாங்கியது எப்படி?

கடிதத்தின் சுருக்கம்

பதினொரு வயது மகனைப் பற்றி ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளியில் மொழிப்பாடத்துக்கு மூன்று ஆண்டுகளும் ‘ஏ’ கிரேடு. நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் நட்சத்திரமும் ‘வெரி குட்’டும். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்ந்தபின் வந்த முதல் அரையாண்டுத் தேர்வில் அதே பாடத்தில் 100க்கு 41. அதைவிடவும் அவரைக் கலங்க வைத்தது, மெத்தைக்கு அடியில் அவர் கண்டெடுத்த கட்டுரை நோட்டு. ‘மழை பெய்த நாள்’ என்ற ஒன்றரைப் பக்கக் கட்டுரையில் 27 சிவப்புச் சுழிகள், 10க்கு 3 மதிப்பெண், அதன்கீழ் ‘கவனமில்லை. முயற்சி போதாது’ என்ற குறிப்பு. அந்தக் கட்டுரையைத் தமக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இருவரிடம் தனித்தனியே காட்டியிருக்கிறார். ஒருவர் 8 போடலாம் என்றிருக்கிறார், மற்றவர் 5 என்றிருக்கிறார். பழைய பள்ளி ஏமாற்றிவிட்டதா, அதன்மீது புகார் கொடுக்கலாமா, புதிய பள்ளியில் மறுமதிப்பீடு கேட்கலாமா, ‘பையனை நாலு வார்த்தை பாராட்டச் சொல்லி டீச்சரிடம் பேசு’ என்று கணவர் சொல்வதைச் செய்யலாமா என்பவை அவருடைய கேள்விகள். பழைய முன்னேற்ற அறிக்கையையும் கட்டுரையையும் படமெடுத்து இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

படங்களை அனுப்பியது நல்லதாயிற்று. அவை இல்லாதிருந்தால் பொத்தாம் பொதுவாக நாலு ஆறுதல் வார்த்தை எழுதி முடித்திருப்பேன். முன்னேற்ற அறிக்கையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, உங்களுடைய முதல் கேள்விக்கான விடை அதிலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருப்பது தெரிந்தது.

அந்த ‘ஏ’ கிரேடு எதிலிருந்து வந்தது

ஐந்தாம் வகுப்பு இறுதி அறிக்கையில் மொழிப்பாடத்துக்கு நேரே ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 20 மதிப்பெண். வீட்டுப்பாடத்துக்கு 18, செயல்திட்டத்துக்கு 19, கையெழுத்துக்கும் நோட்டின் தூய்மைக்கும் 18, மனப்பாடப் பகுதி ஒப்பித்தலுக்கு 19. கடைசிக் கட்டம் எழுத்துத் தேர்வு, அதில் 9. எல்லாம் சேர்ந்து 83 ஆகிறது. 80க்கு மேல் ‘ஏ’ என்பது அந்தப் பள்ளியின் கணக்கு. ஆக, 83இல் 74 மதிப்பெண் ஒழுங்கு, உழைப்பு, நினைவாற்றல் ஆகியவற்றுக்கு வந்தது. தானாக யோசித்து எழுதவேண்டிய இடத்தில் அவன் பெற்றது 20க்கு 9, அதாவது நூற்றுக்கு 45. புதிய பள்ளியின் தேர்வு முழுக்க முழுக்க எழுத்துத் தேர்வு, அங்கே 41. மகன் ஆறு மாதத்தில் படுகுழியில் விழுந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவன் ஏறக்குறைய இருந்த இடத்தில்தான் இருக்கிறான்.

எனவே, ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்ற சொல்லை நான் ஒப்பமாட்டேன். அவர்கள் உண்மையை மறைக்கவில்லை. மற்ற நான்கோடு கூட்டி அதைக் காணாமல் போக்கிவிட்டார்கள். கல்வியில் இது பழைய நோய். சொன்ன நேரத்தில் நோட்டைக் கொடுப்பதும், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவதும் நல்ல பழக்கங்கள்தாம். அவற்றைப் பள்ளி கவனித்துச் சொல்வதில் தவறே இல்லை. ஆனால் பழக்கத்தையும் பாடத்தில் எட்டிய நிலையையும் ஒரே எழுத்துக்குள் அடைத்துவிட்டால், அந்த எழுத்தைப் பார்க்கிற பெற்றோருக்கு இரண்டுமே தெரியாமல் போகும். தங்கமான பிள்ளைகளுக்குத்தான் இதில் கூடுதல் ஆபத்து. குறும்பு செய்கிற பிள்ளையின் தடுமாற்றம் கண்ணில் பட்டுவிடும். அடக்கமாக உட்கார்ந்து அழகாக எழுதுகிற பிள்ளையின் தடுமாற்றம் ஆண்டுக்கணக்கில் தப்பிவிடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், வருத்தப்படாதீர்கள். அந்த ஐந்து கட்டங்களும் மூன்று ஆண்டுகளாக உங்கள் கையெழுத்தோடு திரும்பிப் போயிருக்கின்றன. கிரேடைப் பார்த்துவிட்டு அதற்குக் கீழே உள்ளதைப் படிக்காமல் கையெழுத்திடுவது நாம் எல்லோரும் செய்வதுதான்; என் பிள்ளைகளின் அறிக்கையில் நானும் செய்திருக்கிறேன்.

3, 5, 8: இதில் எது சரியான மதிப்பெண்?

மூன்று ஆசிரியர்கள் மூன்று விதமாகப் போட்டதால் அவர்களில் ஒருவர் நேர்மையற்றவராக இருக்கவேண்டும் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். நூறாண்டுக்கு முன்பே சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம் இது. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பி, 142 ஆசிரியர்கள் திருத்தியதைத் தொகுத்தார்கள். 64 முதல் 98 வரை மதிப்பெண்கள் வந்தன. கட்டுரைப் பாடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்லவே, மறு ஆண்டு வடிவியல் விடைத்தாள் ஒன்றை நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். அதில் வேறுபாடு இன்னும் கூடி, 28 முதல் 95 வரை போயிற்று. விடையை மட்டும் பார்ப்பவர், வழிமுறைக்கு மதிப்பெண் தருபவர், படம் அலங்கோலமாக இருந்தால் குறைப்பவர் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வோர் அளவுகோல் இருந்ததுதான் காரணம்.

ஆலோசகராவதற்கு முன் நான் ஆசிரியராக இருந்தவள். ஒரு முறை கட்டுரை ஒன்றைத் திருத்தி, மதிப்பெண்ணைக் கடைசிப் பக்கத்தின் பின்புறம் பென்சிலில் குறித்துவைத்தேன். அதை மறந்துபோய், இரண்டு வாரம் கழித்து அதே தாளை வேறொரு கட்டுக்கு நடுவே புதிதாகத் திருத்தினேன். முதல் தடவை 20க்கு 13. இரண்டாம் தடவை 9. முதல் தடவை திருத்தியது காலை நேரம். இரண்டாவது, இரவு பதினொரு மணி, அதற்கு முன் திருத்திய தாள் வகுப்பிலேயே மிகச் சிறந்த மாணவியுடையது. அந்தப் பையனுக்கு நான் 13 கொடுத்தேன் என்பது வேறு விஷயம். அதன்பிறகு எதை எதற்காகப் பார்க்கப் போகிறேன் என்று முதலில் எழுதிவைத்துக்கொள்ளாமல் நான் சிவப்புப் பேனாவைத் திறந்ததில்லை.

உங்கள் மகன் கட்டுரைக்கு 8 சொன்னவர் கருத்தைப் பார்த்திருக்கக்கூடும். 3 போட்டவர் பிழைகளை எண்ணியிருக்கிறார். இருவரும் அவரவர் அளவுகோலின்படி நேர்மையானவர்களே. எந்த அளவுகோல் என்று பையனிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான் குறை.

மறுமதிப்பீடு கேட்கலாமா

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் எதைக் கேட்கிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது, கூட்டல் சரியா என்று சரிபார்ப்பது, எந்தக் கேள்விக்கு எதன் அடிப்படையில் மதிப்பெண் என்று கேட்டறிவது ஆகிய மூன்றும் நியாயமான கோரிக்கைகள். ஒரு நல்ல பள்ளி இவற்றுக்கு முகம் சுளிக்காது. மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிக்கும் வழக்கம் இருந்தால், உங்கள் பிள்ளையுடையதைப் படிக்க வேண்டாம் என்றும் தயங்காமல் சொல்லலாம். அடுத்தவர் பிள்ளையின் தாளைக் காட்டச் சொல்வதும், இத்தனை மதிப்பெண் போட்டே ஆகவேண்டும் என்பதும் எல்லை மீறல்.

மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும். எனினும் நான் அஞ்சுவது அதற்காக இல்லை. 41ஐ 46 ஆக்கிக் கொண்டுவந்தால், ‘எழுத வராததை அம்மா பேசிச் சரிசெய்துவிடுவார்’ என்பதைத்தான் பையன் கற்றுக்கொள்வான். விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். கூட்டலில் பிழையோ திருத்தாமல் விட்ட பக்கமோ இருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். இல்லையென்றால் அந்தத் தாளை மகனின் இப்போதைய நிலையைக் காட்டும் வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இருபத்தேழு சுழிகள்

கட்டுரையின் படத்தை அச்செடுத்து, சுழிகளை இனம் பிரித்து எண்ணினேன். ஒற்றுப் பிழை 12, ல-ள-ழ மாறியது 8, முற்றுப்புள்ளி விட்டது 4, பேச்சுவழக்குச் சொல் 3. ஆக, பையனிடம் இருபத்தேழு பிழைகள் இல்லை. நான்கு பிழைகள் இருக்கின்றன. அவற்றுள் இரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. பக்கம் முழுவதும் சிவப்பாகத் திரும்பி வந்தால் ஒரு பிள்ளைக்கு அந்தக் கணக்கு புரியாது. ‘எனக்கு எழுதவே வராது’ என்றுதான் படும். அதனால்தான் நோட்டு மெத்தைக்கு அடியில் போயிற்று.

சுழிகளுக்கு நடுவே ஒரு வரியைக் கண்டேன். ‘அன்று மழை பெய்தது. நான் நனைந்தேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்’ என்று யாரும் எழுதக்கூடிய வரிகளுக்குப் பிறகு, ‘குடைக்கு உள்ளே மழையின் சத்தம் வேற மாதிரி இருந்துச்சு’ என்று எழுதியிருக்கிறான். கட்டுரை முழுவதிலும் அவனே தன் காதால் கேட்டு எழுதிய வரி இது ஒன்றுதான். அதில் ‘வேற’, ‘இருந்துச்சு’ இரண்டும் சுழிக்கப்பட்டிருக்கின்றன. சுழித்தது தவறில்லை, எழுத்துநடையைக் கற்றுத்தரத்தான் வேண்டும். அந்த வரியின் அருமையைச் சொல்லாமல் விட்டதுதான் தவறு. என் கையில் அந்த நோட்டு வந்திருந்தால், ‘குடைக்குள் கேட்ட சத்தத்தை நீயே கவனித்து எழுதியிருக்கிறாய். எப்படி வேறாக இருந்தது? இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுது. சேர்க்கும்போது ஒற்று மிகும் இடங்களை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்’ என்று எழுதியிருப்பேன். இதில் புகழ்ச்சியும் இல்லை, வசவும் இல்லை. நாளைக்கே உட்கார்ந்து செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது.

‘வெரி குட்’, ‘முயற்சி போதாது’ இரண்டையும் எதிரெதிர்த் துருவங்களாக நினைத்து, முன்னது பொய், பின்னது கசப்பான உண்மை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே குறையுள்ள குறிப்புகளாகத் தெரிகின்றன. இரண்டுமே பிள்ளையைப் பற்றிப் பேசுகின்றன, பக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. அவன் முயன்றானா இல்லையா என்பது ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்த்தது கட்டுரையை. எழுதிய அந்த ஒரு மணி நேரத்தை அவர் பார்க்கவில்லை. தெரியாத ஒன்றைக் கடுமையாகச் சொல்லிவிட்டால் அது நேர்மையாகிவிடாது. 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இருவர், செயல்திறன் குறித்து ஒருவருக்குத் தரப்படும் கருத்துகள் பற்றிய பல்லாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக அவை பயன் தந்திருந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளில் கருத்து கேட்டபின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் செய்கிற வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதன் பக்கம் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

உங்கள் கணவர் சொல்லும் பாராட்டுக்கும் இது பொருந்தும். 1998இல் முல்லரும் ட்வெக்கும் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை ‘நீ புத்திசாலி’ என்றும் இன்னொரு பகுதியினரை ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான கணக்குகள் வந்து சறுக்கியபோது, புத்திசாலிப் பட்டம் பெற்றவர்களே அதிகம் சோர்ந்தார்கள். தாங்கள் எடுத்த மதிப்பெண்ணை வேறொரு பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் உள்ளதைவிடக் கூட்டி எழுதினார்கள். மூன்று ஆண்டுகள் நட்சத்திரமாகவே வாங்கிய பையன் ஒரு சிவப்புப் பக்கத்தை ஒளித்துவைத்தது ஏன் என்று எனக்கு இதை நினைக்கும்போது புரிகிறது. அவன் உங்களை ஏமாற்றவில்லை. தான் வாங்கிய பெயரைக் காப்பாற்றப் பார்த்தான்.

ஆசிரியரிடம் என்ன கேட்பது

போகும் முன் அவர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஐந்து வகுப்பு, வகுப்புக்கு நாற்பது பேர் என்றால் 200 நோட்டுகள். நோட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் பதினாறு மணி நேரத்துக்கு மேல், ஒரே ஒரு கட்டுரைக்கு. ‘விரிவாகக் கருத்து எழுதுங்கள்’ என்று கேட்பது நடவாத காரியம். நடக்கக்கூடிய மூன்றைக் கேளுங்கள்.

1. கட்டுரை எழுதும் முன்பே, இந்த முறை எதைப் பார்த்து மதிப்பெண் என்பதை வகுப்பில் இரண்டு வரியில் சொல்ல முடியுமா? ஒரு கட்டுரைக்கு ஒற்று, அடுத்ததற்குப் பத்தி பிரித்தல் என்று வைத்துக்கொண்டால் ஆசிரியருக்குத் திருத்தும் நேரமும் குறையும்.

2. ஒரு பக்கத்தில் ஒரே வகைப் பிழையை மட்டும் சுட்டி, மற்றவற்றை அவனே தேடிப் பிடிக்கும்படி ஓரத்தில் எண்ணிக்கையை மட்டும் குறிக்க முடியுமா?

3. திருத்திய கட்டுரையை அவன் திரும்ப எழுதிக் கொடுத்தால் பார்ப்பாரா? முடிந்தால், மதிப்பெண்ணை இரண்டாவது முறை எழுதியபின் போடுவாரா?

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தாம் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்புக்கு இறங்குவதில்லை. வகுப்பில் தாள் கொடுத்த அடுத்த நொடி ‘உனக்கு எவ்வளவு?’ என்ற குரல்கள் எழுவதைக் கேட்ட எவருக்கும் இது வியப்பாக இராது. மதிப்பெண்ணே வேண்டாம் என்று சொல்கிற அணியில் நான் இல்லை. ஆண்டு இறுதியில் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பது பெற்றோருக்கும் அடுத்த வகுப்பு ஆசிரியருக்கும் தெரியவேண்டும். கற்றுக்கொண்டிருக்கும் நடுவழியில் அதைப் போட்டால்தான் இடைஞ்சல்.

‘முயற்சி போதாது’ குறிப்பைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். பேச்சின் தொடக்கத்தில் வேண்டாம். ‘அதைப் படித்தபின் நோட்டை ஒளித்துவைத்திருந்தான், நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்று சொல்கிறேன்’ என்ற அளவில் நிறுத்துங்கள். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அதுவே போதும். மகன் எதிரில் அவரைக் குறைகூறாதீர்கள். திங்கட்கிழமை அவன் அதே வகுப்பில் உட்காரவேண்டியவன்.

வீட்டில்

நோட்டைக் கண்டுபிடித்ததை அவனிடம் மறைக்காதீர்கள். ‘பார்த்தேன். குடை வரி எனக்குப் பிடித்திருந்தது. மீதியைச் சேர்ந்து பார்ப்போமா?’ என்பது போல ஒரு வாக்கியம் போதும். 27 என்ற எண்ணை அவன் கையாலேயே நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். அவன் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். பிறகு, அவன் வயதுள்ள வேறொரு பிள்ளை நன்றாக எழுதிய கட்டுரை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் அவனே ஒப்பிடட்டும். நல்லது எப்படி இருக்கும் என்று தெரிந்து, தன்னுடையது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கண்டு, அந்த இடைவெளியைக் குறைக்க எதையாவது செய்தால்தான் ஒரு மாணவன் முன்னேற முடியும் என்று ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதினார். உங்கள் மகனுக்கு இதுவரை முதல் படியே காட்டப்படவில்லை.

ல-ள-ழ மாற்றம் எட்டு இடங்களில் இருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சில் பிரித்து ஒலிக்காதவர்களுக்கு எழுத்தில் மாறுவது இயல்பு. ஆனால் அவனை ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்துக்கூட்டி மிக மெதுவாகப் படிக்கிறான், வரி தவறுகிறான், நேற்றுப் படித்த சொல்லே இன்று புதிதாகத் தெரிகிறது என்றால், முதலில் கண் பரிசோதனையும், பிறகு கற்றல் குறைபாடு குறித்த முறையான மதிப்பீடும் செய்துகொள்ளுங்கள். ஒன்றரைப் பக்கத்தைப் பார்த்து நான் அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நன்றாக மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் சிலர் படிப்பதில் உள்ள தடுமாற்றத்தை நினைவாற்றலால் மறைத்துவிடுவதுண்டு என்பதாலும், ஒப்பித்தலில் 19 வாங்கியவன் என்பதாலும் இதைக் குறிப்பிடுகிறேன்.

பழைய பள்ளிமீது புகார் கொடுத்து ஆவதொன்றுமில்லை. விதி மீறல் எதுவும் எனக்குத் தென்படவில்லை. புகாருக்குப் பதிலாகத் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதலாம். 18, 19, 18, 19, 9 என்ற அந்த ஐந்து எண்களை வரிசையாக எழுதி, அவற்றின்கீழ் ‘ஏ’ என்று எழுதி, இந்தக் கடைசி எண்ணை மட்டும் இனி தனியாக, பெரிய எழுத்தில் அச்சிட முடியுமா என்று கேளுங்கள். அங்கே இன்னும் மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.